சனிக்கிழமை விளக்கு

பல்லுக்காரர் அந்தக் காரை வாங்கியதே ஒரு பொய்யால்தான். பெரிய பொய்யும் இல்லை, ஒரே ஒரு எண். ஷோரூமில் டை கட்டிய விற்பனையாளர், "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க சார்?" என்று கேட்டார். பக்கத்து மேசையில் ஒரு ஆஜானுபாகுவான ஆசாமி அதே கேள்விக்கு "நூத்தி இருபது" என்று முழங்கிக்கொண்டிருந்தார். நம் ஆள் ஓட்டப்போவது நாலே கிலோமீட்டர். மூன்று பல் ஆஸ்பத்திரிகளுக்குப் போய், செய்த பல் செட்டுகளைக் கொடுத்துவிட்டு, புது பல் அச்சுகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. "ஒரு எண்பது இருக்கும்" என்று அடித்துவிட்டார்.

"அப்ப யோசிக்கவே வேண்டாம் சார். கண்ணை மூடிக்கிட்டு டீசல் எடுத்துடுங்க."

அவரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். ஒரு கண்ணையாவது திறந்து வைத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

மற்ற விஷயங்களில் ஆள் பொய் சொல்லத் தெரியாதவர். செய்வது பொய்ப்பல் என்றாலும் அதில் மயிரிழை பிசகினால்கூடப் பொறுக்க மாட்டார். உடைத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டின் பின்னறைதான் பட்டறை. காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணிவரை அங்கே தேய்ப்பு, செதுக்கல், மெருகு. தலைக்கு மேலே தூசி உறிஞ்சும் மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும்போது வாசலில் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. மோட்டாரை நிறுத்தியதும் மனிதருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நிசப்தம். யாரும் பேசக் கூடாது, அவரும் பேச மாட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷங்களில் அவர் மனைவியிடம் பேசியதை எல்லாம் சேர்த்து வைத்தால், ஒரு மத்தியானத்தில் சொல்லி முடித்துவிட்டு ஒரு தூக்கமும் போடலாம்.

காரிடம் மட்டும் பேசுவார். குளிர்ந்த நாட்களில் சாவியைத் திருகும்போது "வாடா ராஜா, வாடா" என்பார். உயரத்தில் அவர் தோளுக்குக்கூட வராத வண்டி அது. பின் சீட்டில் ஒரு ஆள் உட்காரலாம், அந்த ஆளுக்குக் கால் இல்லாவிட்டால். ஆனால் சத்தம் என்னவோ லாரிச் சத்தம். தெருவில் அதற்குத் "தையல் மெஷின்" என்று பெயர். மனைவி வைத்த பெயர் வேறு. "உங்க சின்ன வீட்டுக்கு இன்னிக்குக் குளிப்பாட்டல் ஆச்சா?" என்று கேட்பாள்.

ஆச்சாவா! தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் முன் கிரில்லின் இடுக்குகளைத் தேய்ப்பார். பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை இன்ஜினுக்கு அடியில் நீட்டி, எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பார். டயர் இடுக்கில் சிக்கிய கல்லைக் கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுப்பார். அவரிடம் இரண்டு கடைவாய்ப் பல் கட்டிக்கொண்ட மெக்கானிக்கே இதைப் பார்த்து அசந்துபோனார். "என் பொண்டாட்டியை நான் இப்படிப் பார்த்துக்கிட்டா என் வீட்டுல பிரச்சினையே இருக்காது சார்" என்றார். பல்லுக்காரர் அதைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு பார்த்தும், வாங்கிய மூன்றாம் மாதமே டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. தள்ளாத குறையாக வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

"புகைக் குழாய்க்குள்ள ஒரு வடிகட்டி இருக்கு சார். டீசல் கரியை அது பிடிச்சு வெச்சுக்கும். வண்டி நல்லா சூடாகி ஓடினா அந்தக் கரி தானா எரிஞ்சுபோயிடும். நீங்க தெருமுனைக்குப் போயிட்டுத் தெருமுனையிலேர்ந்து வந்தா அது எப்படி சூடாகும்? அடைச்சுக்குது. ஆமா, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டறீங்க?"

"நாலு" என்றார் பல்லுக்காரர். மெக்கானிக்கிடம் பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று அவருக்குத் தெரியும்; நோயாளிகள் பல் டாக்டரிடம் சொல்லும் பொய்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறார்.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "விளக்கு எரிஞ்சா வண்டியை பைபாஸ்ல விடுங்க. எழுபதுக்குக் குறையாம அரை மணி நேரம். விளக்கு அணையற வரைக்கும் நிறுத்தவே கூடாது. நடுவுல நிறுத்தினீங்க, இன்ஜின் ஆயில் கெட்டுப்போயிடும்."

ஆக, பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்க டீசல் வண்டி வாங்கிய மனிதர், எங்கும் போக வேண்டிய அவசியமே இல்லாமல் பைபாஸில் போய் டீசலைக் கொளுத்திவிட்டு வர வேண்டியதாயிற்று. தன்னந்தனியாகப் போய்த் திரும்பினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று மனைவியையும் கூப்பிட்டார். அவளுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை.

மற்ற நாட்களில் அவள் பத்தரை மணிக்குள் கிளம்பி பஸ் டிப்போவுக்குப் போவாள். அங்கே தொலைந்த பொருள் கவுண்ட்டரில் பதினொன்றிலிருந்து ஏழுவரை வேலை. ஜனங்கள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகும் குடை, பை, ஒற்றைச் செருப்பு எல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். இவர்கள் கல்யாணமே அப்படி நடந்ததுதான். யாரோ பஸ்ஸில் ஒரு பல் செட்டை விட்டுவிட்டு இறங்கிவிட, யாருடையது என்று அடையாளம் காட்ட இவரை வரவழைத்தார்கள். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கீழ்த்தாடை என்னுது. மேல்தாடை எவனோ அவசரத்துல செஞ்சிருக்கான்" என்றார். கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கவிழ்ந்தவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவளை ஒருமுறைகூட அப்படிச் சிரிக்க வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பைபாஸில் நிலைமை மாறிற்று. வீட்டில் அவள் பேச்சை ஆரம்பித்தால் இவர் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடலாம். காரில் எங்கே போவது? விளக்கு அணையும்வரை நிறுத்தவும் முடியாது, இறங்கவும் முடியாது. அவளோ வாரம் முழுக்க அடுத்தவர்கள் தொலைத்ததைக் கேட்டுக் கேட்டு வைத்திருப்பவள். ஏறி உட்கார்ந்ததும், "அந்தப் பழுப்புப் பிடி குடைக்காரர் இந்த வாரமும் வந்தாருங்க" என்று ஆரம்பிப்பாள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெரியவர் வந்து பழுப்புப் பிடி போட்ட குடை கிடைத்ததா என்று விசாரிப்பாராம். இருக்கும் அறுபத்து மூன்று குடைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம். எதுவும் அவருடையது இல்லை என்பாராம். பார்க்கிற சாக்கில் தன் பேரப்பிள்ளைகள், முட்டிவலி, எதிர்வீட்டுத் தகராறு எல்லாம் சொல்லிவிட்டுப் போவாராம்.

"ம்" என்பார் பல்லுக்காரர், ஸ்பீடோமீட்டரைப் பார்த்தபடி.

இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் ஒரு ரவுண்டானா. அதைச் சுற்றிக்கொண்டு திரும்பினால் வீட்டுக்குப் பாதி வழியில் விளக்கு அணைந்துவிடும். வீட்டில் இறங்கும்போது அவள் தவறாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தூக்கித் தூக்கிப் போடுது. இது காரா, மாவாட்டற மெஷினா" என்று அலுத்துக்கொள்வாள்.

முதலில் மாதத்துக்கு ஒருமுறை எரிந்த விளக்கு, போகப் போக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றாயிற்று. கடைசி ஒரு வருஷமாக வாராவாரம், அதுவும் சொல்லி வைத்தாற்போல வெள்ளிக்கிழமை சாயங்காலம் எரிந்தது. மெக்கானிக் சென்சாரை மாற்றினார், குழாயைக் கழற்றிக் கழுவினார், ஆயிலை மாற்றினார். எதற்கும் மசியவில்லை. போதாக்குறைக்கு டிரைவர் சீட் வேறு தானாகவே முன்னால் நகர ஆரம்பித்தது. மதியம் மூன்று மணிக்கு ஏறி உட்கார்ந்தால் பல்லுக்காரரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். சீட் நகரும் தண்டவாளத்தையும் மெக்கானிக் இரண்டு முறை முடுக்கிக் கொடுத்தார். மறுநாளும் இடித்தது.

ஒரு சனிக்கிழமை இறங்கும்போது மனைவி, "வாராவாரம் இதே கூத்தாப் போச்சு" என்று பெருமூச்சு விட்டாள். அதுவரை காதில் போட்டுக்கொள்ளாத மனிதருக்கு அன்றைக்கென்று சுருக்கென்றது. பாவம், விடுமுறை நாளில் இவளை எதற்கு இப்படிக் குலுக்கி எடுக்கிறோம் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு காரை விற்க முடிவு செய்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒரு அம்மாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"இனிமே உனக்கு சனிக்கிழமை இம்சை இல்ல. வண்டியை வித்துடறேன்" என்று மனைவியிடம் அறிவித்தார். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார்.

"உங்க இஷ்டம்" என்றாள். கையில் இருந்த பாத்திரத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

விற்கிறவருக்குத் துக்கம் பாதி, தியாகம் செய்துவிட்ட பெருமிதம் பாதி. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிகளை முடித்துவிட்டு, விற்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். மெக்கானிக் அப்போதுதான் புது ஸ்கேனர் ஒன்று வாங்கியிருந்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் அதைச் சொருகிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"சார், போன சனிக்கிழமை கரி எரிஞ்சதுக்கு அப்புறம் இந்த வண்டி நாப்பது தடவை ஸ்டார்ட் ஆயிருக்கு."

"இருக்காது. வீட்டுல ஒண்ணு, மூணு ஆஸ்பத்திரியிலயும் ஒவ்வொண்ணு. ஒரு நாளைக்கு நாலு. திங்கள்லேர்ந்து இன்னிவரைக்கும் பதினாறுதான்."

"மெஷின் பொய் சொல்லாது சார். மீதி இருபத்தி நாலு தடவை யாரோ ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி நிறுத்தியிருக்காங்க. ஓட்டவே இல்ல, கிலோமீட்டர் ஏறலையே! இப்படிப் பண்ணினா இரும்பு வடிகட்டிகூட அடைச்சுக்கும். உங்களுக்கு யாராவது வேண்டாதவங்க இருக்காங்களா?"

பல்லுக்காரர் யோசித்தார். மேல்வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. இரவுப் பணி பார்த்துவிட்டுக் காலையில் தூங்குகிற அவருக்கும் இந்த வண்டிக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டுக்குப் போனதும் மாடிப்படியிலேயே அவரை மடக்கினார்.

"என் வண்டியை யாராவது தொட்டதைப் பார்த்தீங்களா?"

"நல்லா கேட்டீங்க போங்க!" என்று பாய்ந்தார் மேல்வீட்டுக்காரர். "தினமும் பத்து மணிக்கு நீங்கதானே சார் அந்த சனியனைக் கத்த விடறீங்க? போடறது, நிறுத்தறது, போடறது, நிறுத்தறது. தூக்கத்துல எனக்குத் தையல் கனவா வருது!"

பத்து மணிக்கு அவர் மோட்டாருக்கு அடியில் அல்லவா இருப்பார்! பல்லுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டு வாசலில், நம் சாவியைப் போட்டு, நம் வண்டியை!

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல மோட்டாரை ஓடவிட்டார். பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது அதை ஓடவிட்டபடியே, கையில் பாதி தேய்த்த மேல்தாடையோடு, பூனைபோல நடந்து முன்னறை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்பதற்காக வாக்கியங்கள்கூடத் தயார்.

வாசல் கதவு திறந்தது. வந்தவள் மனைவி. வேலைக்குக் கிளம்பத் தயாராக, தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா. சமையலறை ஆணியில் தொங்கும் உபரிச் சாவியை எடுத்து வந்திருந்தாள். லைசென்ஸ் எடுத்துப் பர்ஸில் வைத்ததோடு சரி, அவள் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. ஏறினாள். கால் எட்டாததால் குனிந்து சீட்டை முன்னால் இழுத்தாள். தண்டவாளத்தில் கோளாறே இல்லை என்பது பல்லுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு கிளட்சை மிதித்துச் சாவியைத் திருகினாள். தையல் மெஷின் அலறியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், இரண்டு நிமிடம் கழித்து நிறுத்தினாள். மறுபடி திருகினாள். நடுநடுவே மடியில் எதையோ புரட்டிப் பார்த்துக்கொண்டாள். வண்டியோடு கொடுத்த கையேடு அது. அவர் இத்தனை வருஷமாகப் பிரிக்காத கையேடு.

ஆறு தடவை. அப்புறம் இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பல்லுக்காரர் அங்கேயே நின்றார். முதலில் வந்தது கோபம்தான். சென்சார், குழாய், ஆயில், தண்டவாளம்! அவளுக்கு என் வண்டிமேல் அவ்வளவு வன்மமா? திட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று சாயங்காலம்வரை கறுவிக்கொண்டிருந்தார். அவள் வந்தாள், இவர் வாயைத் திறந்தார், வழக்கம்போல ஒன்றும் வரவில்லை.

சாயங்காலமே விளக்கு எரிந்துவிட்டது. சனிக்கிழமை கிளம்பினார்கள். விற்கப்போகும் வண்டிக்குக் கடைசி ஓட்டம். அதிசயமாக அவள் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இவர் ஆசைப்பட்ட நிசப்தம் முழுசாகக் கிடைத்தது. ஐந்தாவது கிலோமீட்டரிலேயே அது தாங்க முடியாமல் போயிற்று. பத்தாவது கிலோமீட்டரில், தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக அவரே அவளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பழுப்புப் பிடி குடைக்காரர் இந்த வாரம் வந்தாரா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "அதெல்லாம் உங்க காதுல விழுந்துதா?"

"ம்... விழுந்துது."

"வந்தாரு. குடை கிடைச்சிடுச்சு. செவ்வாய்க்கிழமை யாரோ கொண்டுவந்து கொடுத்தாங்க. பழுப்புப் பிடி, பேர்கூட எழுதியிருக்கு. எடுத்து நீட்டினேன். மனுஷன் மூஞ்சியே விழுந்துபோச்சு." மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இனிமே எதைச் சாக்கு வெச்சு வருவாரு, பாவம்" என்றாள்.

பல்லுக்காரருக்குக் கண் கரித்தது. ஏசிக் காற்று என்று சொல்லலாம் என்றால் அந்த வண்டியில் ஏசி வேலை செய்து வெகு நாளாயிற்று. வாராவாரம் இந்த அரை மணி நேரத்துக்காக இவள் ஐந்து நாள் உட்கார்ந்து கரி சேர்த்திருக்கிறாள். இதைக்கூட அவள் நேராகக் கேட்க முடியாத அளவுக்கு நான் என்ன புருஷன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவளிடம் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா?

ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ஸ்கூல் அம்மாள் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, "இவ்வளவு சுத்தமா ஒரு வண்டியைப் பார்த்ததே இல்லையே!" என்று மலைத்தார். பல்லுக்காரருக்கு வியர்த்தது.

"வெளியில அப்படித்தாங்க தெரியும். உள்ள வடிகட்டி அடைச்சுக்கும்."

"பரவாயில்ல சார், நான் பைபாஸ்லதான் கத்துக்கொடுக்கறேன். அடைக்காது."

"ஏசி வேலை செய்யாது."

"கத்துக்கறவங்க கண்ணாடியை இறக்கி வெச்சு ஓட்டறதுதான் நல்லது."

"சத்தம் காதைப் பிளக்கும். தூக்கித் தூக்கிப் போடும். பின் சீட்டுல கால் வைக்கவே இடமில்ல."

அம்மாள் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார். "இவ்வளவு நேர்மையா குறை சொல்லி விக்கறவரை நான் பார்த்ததே இல்ல சார். இதையே எடுத்துக்கறேன்."

பல்லுக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். சாவியைப் பின்னால் ஒளித்துக்கொண்டார், விளையாட்டுச் சாமானைக் கேட்டால் குழந்தை ஒளிக்குமே, அப்படி. "மன்னிச்சுக்குங்கம்மா. வண்டியை விக்கறதுல எங்க வீட்டுல சம்மதம் இல்ல."

கதவருகே நின்றிருந்த மனைவி, "நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?" என்றாள்.

"நீ சொல்லல" என்றார் அவர். வந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை மதியம் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வண்டியை நிறுத்தியதும், பல்லுக்காரர் இறங்கிக் குனிந்து, சீட்டை அவள் காலுக்கு எட்டும் அளவுக்கு முன்னால் தள்ளிவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மோட்டாரை ஓடவிட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினார். அவள் ஏறினாள், பழக்கத்தில் சீட்டை இழுக்கக் குனிந்தாள், இழுக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். ஆனானப்பட்ட பல்லுக்காரர் திரைக்குப் பின்னால் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டார்.

அத்தோடு விட்டாரா? அன்றைக்கும் மறுநாளும் ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் வண்டியை நிறுத்திவிட்டுப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். மூன்றாவது ஆஸ்பத்திரிக் காவலாளி, "தள்ளி விடட்டுமா சார்?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தே விட்டார்.

புதன்கிழமை நாலரை மணிக்கு விளக்கு எரிந்தது. ஏழு மணிக்கு டிப்போ வாசலில் தையல் மெஷின் சத்தம் கேட்டு மனைவி பதறிப்போய் ஓடிவந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளை அழைத்துப்போக வந்ததே இல்லை.

"என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. விளக்கு எரியுது."

"இன்னிக்கு புதன்கிழமைதானே?"

"அதுக்குக் கிழமை தெரியுமா?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். மஞ்சள் விளக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் அசடு வழிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியாமல், அன்றைக்கு அந்தக் கவுண்ட்டருக்குப் பின்னால் சிரித்தாளே, அதே சிரிப்பு, விழுந்து விழுந்து. பைபாஸ் திருப்பம்வரை ஓயவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியில் சொன்னாள்:

"ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல போடாதீங்க. இன்ஜினுக்கு ஆகாது. புஸ்தகத்துல போட்டிருக்கு."